பாருக்கு வழி கண்ட திரிகோணம்

நிலத்தின்மேல் ஒருவனுக்குள்ள உரிமையை நிலைநாட்ட எல்லைக் கல் உண்டு, வரப்பு உண்டு, வேலி உண்டு. இவை யாவும் அழிந்தாலும் ஊர்ப் பெரியவர்களின் சாட்சியம் உண்டு. சமுத்திரத்திலோ இவற்றில் எதுவும் நில்லாது. தூத்துக்குடிக்கு எதிரே விரிந்து கிடக்கும் மன்னார் வளைகுடாவில், கரையை விட்டு ஏறத்தாழ 6 மைல் முதல் 12 மைல் வரை விலகி, ஐந்து பாகம் முதல் பத்துப் பாகம் வரை ஆழமுள்ள நீரின் அடியில், மணலுக்கு நடுவே ஆங்காங்கே கிடக்கும் கல்தட்டுகளையே அக்கரையார் ‘பார்’ என்று அழைப்பர். முத்துச்சிப்பி பற்றி வளர்வது அந்தப் பார்களின்மேல்தான். மேலே நின்று நோக்குபவனுக்குப் பாரின் மேலுள்ள அலையும் மணலின் மேலுள்ள அலையும் ஒரே அலைகளாகவே தோன்றும். எனவே, கொற்கைப் பாண்டியர் காலம் தொட்டு இக்கரையில் முத்தெடுத்தவர், எடுப்பித்தவர், அதன்மேல் வரி வாங்கியவர் ஆகிய எல்லோர் முன்னும் எழுந்த முதற் கேள்வி, முத்து எவ்வளவு கிடைக்கும் என்பதன்று. சென்ற முறை கண்ட பாரை இந்த முறை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே.

இக்கேள்வியின் கடுமையை உணர வேண்டுமானால், முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்த தொழிலன்று என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். டச்சுக்காரர் கையிலிருந்து 1825-ல் தூத்துக்குடி முடிவாக ஆங்கிலேயர் வசமாவதற்குச் சற்று முன்பு 1822-லும், பின்பு 1830-லும் குளிப்பு நடந்தது. அதன்பின் 1860, 1861, 1862 ஆகிய ஆண்டுகளில் நடந்தது. மறுபடி 1889-ல்தான் பார்கள் பலன் தந்தன. இருபதாம் நூற்றாண்டிலும் அதே கதைதான்: 1926 முதல் 1928 வரை மூன்றாண்டுகள் நல்ல விளைச்சல் கண்ட கடல், அதன்பின் 1955 வரை வெறுங்கடலாகவே இருந்தது. 1862-க்கும் 1889-க்கும் இடையே 27 ஆண்டுகள். 1928-க்கும் 1955-க்கும் இடையேயும் 27 ஆண்டுகள். முந்திய குளிப்பில் வாலிபனாக மூழ்கியவன் அடுத்த குளிப்பில் கிழவனாகிக் கரையில் அமர்ந்திருப்பான், அல்லது மண்ணுக்குள் போயிருப்பான். ஒரு தலைமுறைக்கு ஒருமுறை மட்டுமே தேவைப்படும் ஓர் இடத்தின் அறிவை எப்படிக் கெடாமல் காப்பது? இக்கரையின் கணித சரித்திரம் இந்த வினாவிலிருந்தே பிறக்கிறது என்பது என் துணிபு.

இதற்கு முதல் விடை கண்டவர்கள் கடலோடிகளே. ஆண்டுதோறும் சங்கு குளிக்கச் செல்லும் வள்ளங்கள், முத்துப் பார்களை அடுத்த மணற்பரப்புகளிலேயே உழைப்பவை. ஆதலால் முத்து இல்லாத நெடுங்காலத்திலும் அந்தத் திசைகளின் பழக்கம் அறுந்துபோகவில்லை. அவர்கள் கையாண்ட யுக்தி எளியது, ஆனால் சாஸ்திரத்துக்கு இசைந்தது. கரையில் ஒரு கோயிற் கோபுரமும் அதற்குப் பின்னால் உள்நாட்டில் ஒரு மலைமுடியும் ஒன்றன் பின் ஒன்றாக ஒரே நேரில் வந்து நிற்குமாறு வள்ளத்தைச் செலுத்தினால், வள்ளம் ஒரு குறிப்பிட்ட நேர்கோட்டின்மேல் இருக்கிறது என்பது உறுதியாகும். வேறொரு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்கள் அவ்வாறே ஒன்றையொன்று மறைக்கும் இடம்வரை அக்கோட்டிலேயே நகர்ந்தால், இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளி ஒன்றே ஒன்றுதான். அதுவே தேடிய இடம். குமரிக்கரை மீனவர் இந்த வித்தையைக் கணியம் என்பர். வள்ளம் சிறிது விலகினாலும் முன் நிற்கும் அடையாளம் பின் நிற்பதை விட்டுப் பிரிந்து காட்டிக் கொடுத்துவிடுமாகையால், ஆடும் படகில் வைத்த திசைகாட்டியைவிட இந்தக் கண்ணளவை நுட்பமானது என்பதைப் பிற்காலத்து மாலுமி நூல்களும் ஒப்புக்கொள்கின்றன.

ஆயினும் இம்முறைக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, நேரில் வந்து நிற்கும் இரட்டை அடையாளங்கள் எல்லாப் பாருக்கும் கிடைப்பதில்லை. தேரி மணலும் பனங்காடுமாய்த் தாழ்ந்து கிடக்கும் இக்கரையில், கடலிலிருந்து தெளிவாய்த் தெரிபவை திருச்செந்தூரின் ஒன்பது நிலைக் கோபுரம், மணப்பாட்டுக் குன்றின்மேலுள்ள திருச்சிலுவைக் கோயில், தூத்துக்குடியின் பனிமய மாதா ஆலயம், முயல்தீவின் கலங்கரை விளக்கம் முதலிய சிலவே. 100 அடி உயர்ந்த ஒரு சிகரம், நீர்மட்டத்தை ஒட்டிய கண்ணுக்கு ஏறத்தாழ 12 கடல்மைல் வரையில்தான் தோன்றும். அதற்கப்பால் பூமியின் வளைவு அதனை விழுங்கிவிடும். மற்றொன்று, இவ்வறிவு அறிந்தவனோடு வாழ்ந்து அவனோடு மறைவது. குத்தகைக்கு விடவும், ஏலம் போடவும், கணக்கெழுதவும் விரும்பிய அரசாங்கத்தின் ஏட்டில் அது ஏறாது. ஏட்டில் ஏறவேண்டுமாயின் அது எண்ணாக வேண்டும். எண்ணாக வேண்டுமாயின் கோணங்களை அளந்தாக வேண்டும்.

கோணங்களை அளந்த உடனே எதிர்ப்படும் சங்கடம் இதுதான்: கடலில் உண்டாகும் திரிகோணம் செங்கோணம் உடையதாக அமைவது அபூர்வம். கரையிலுள்ள இரண்டு சிகரங்களும் கடலிலுள்ள ஒரு வள்ளமும் சேர்ந்து மூன்று முனைகளாகும்போது, அம்மூன்றில் ஒன்று சரியாக 90 பாகையில் வந்து நிற்க வேண்டுமென்று கட்டளையிட யாராலும் இயலாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை முதலிற் கற்கும் கர்ண விதி இங்கே நேராகப் பயன்படாது. ஆனால் எந்தத் திரிகோணத்தையும் அதன் ஒரு முனையிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு ஒரு செங்குத்தை இறக்கி இரண்டு செங்கோணத் திரிகோணங்களாக்கலாம் என்ற ஒரே உண்மையிலிருந்து, சாய்ந்த திரிகோணங்களை வெல்லும் விதிகள் இரண்டும் பிறக்கின்றன. ஒவ்வொரு பக்கத்தையும் அதன் எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்தால் மூன்றுக்கும் ஒரே ஈவு வரும் என்பது சைன் விதி. இரண்டு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி, அவ்விரண்டின் பெருக்கத்தை இரட்டித்து இடைக்கோணத்தின் கொசைனால் பெருக்கியதைக் கழித்தால் மூன்றாம் பக்கத்தின் வர்க்கம் வரும் என்பது கொசைன் விதி.

இவ்விதிகளுக்கு ஒரே தாயகம் சொல்லுதல் நியாயமன்று. கொசைன் விதியின் பொருள் யூக்ளிடின் இரண்டாம் புத்தகத்திலேயே, கோணத்தின் பெயரின்றிப் பரப்பளவின் மொழியில், அடங்கியிருக்கிறது. நாண்களுக்குப் பதிலாக அரைநாண்களைக் கொண்டு கணக்கிடும் வழக்கத்துக்கு 499-ஆம் ஆண்டை ஒட்டிய ஆரியபடரின் ஜ்யா வாய்பாடு பெரும் பிரமாணம். 628-ல் பிரம்மகுப்தர், ஒரு திரிகோணத்தின் இரு பக்கங்களைப் பெருக்கி, அவை சந்திக்கும் முனையிலிருந்து இறங்கும் செங்குத்தின் இருமடங்கால் வகுத்தால், அத்திரிகோணத்தைச் சூழும் வட்டத்தின் ஆரம் கிடைக்கும் என்று விதித்தார். சைன் விதியில் மூன்று பக்கங்களுக்கும் பொதுவாக வரும் அந்த ஈவு வேறெதுவுமன்று, அவர் சொன்ன வட்டத்தின் விட்டமே. பாரசீக தேசத்து நசீருத்தீன் தூசி பதின்மூன்றாம் நூற்றாண்டில் சமதளத் திரிகோணங்களுக்குச் சைன் விதியைத் தெளிவாக நிறுவினார். பதினைந்தாம் நூற்றாண்டில் அல்காஷி கொசைன் விதியைக் கணக்கிடுவதற்கேற்ற வடிவில் தந்தார். 1614-ல் நேப்பியர் மடக்கை அட்டவணையை வெளியிட்டபின் நீண்ட பெருக்கல்கள் வெறும் கூட்டல்களாகச் சுருங்கின. கப்பல் மேசையிலும் செய்துவிடத்தக்க காரியமாகத் திரிகோணமிதி ஆனது.

இக்கரையோடு ஒரு விசித்திரமான தொடர்புடையவர் ஹாலந்து தேசத்து ஸ்நெல். தம் நாட்டின் மாதாகோயிற் கோபுரங்களை முனைகளாகக் கொண்டு திரிகோணச் சங்கிலி ஒன்றைப் பின்னிப் பூமியின் அளவைக் கண்டு 1617-ல் நூலாக்கிய அவர், லெய்டன் நகரில் தம் வீடு இருக்கும் இடத்தை, அங்கிருந்து தெரியும் மூன்று கோபுரங்களுக்கு இடையிலுள்ள கோணங்களைக் கொண்டே கணித்தார். அடுத்த 41 ஆண்டுகளில், அதாவது 1658-ல், அவர் நாட்டார் போர்த்துகீசியரை விரட்டித் தூத்துக்குடியைக் கைப்பற்றி முத்துக்குளிப்பின் அதிபதிகளாயினர். கோபுரங்களின் கோணத்தைக் கொண்டு தன் இடத்தை அறிதல் என்னும் உபாயத்தை ஐரோப்பாவில் சாஸ்திரமாக்கியவரின் நாட்டார் வந்து சேர்ந்த கரையில், கோபுரங்களைக் கொண்டே தம் இடத்தை அறியும் பரதவர் அந்தத் தொழிலை அன்றாடம் செய்து கொண்டிருந்தனர்.

விதி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஓர் உதாரணத்தாற் காண்போம். கரையில் 6 மைல் இடைவெளியில் இரண்டு சிகரங்கள் இருப்பதாகவும், பாரின்மேல் நங்கூரமிட்ட வள்ளத்தை முதற் சிகரத்திலிருந்து நோக்கும்போது கரைக்கோட்டோடு 62 பாகையும் இரண்டாம் சிகரத்திலிருந்து 71 பாகையும் வருவதாகவும் கொள்வோம். வள்ளத்தில் அமையும் கோணம், 180-ல் இவ்விரண்டும் போக, 47 பாகை. 6-ஐ 47 பாகையின் சைனாகிய 0.7314-ஆல் வகுத்தால் 8.20 வரும், இதனை 71 பாகையின் சைனாகிய 0.9455-ஆல் பெருக்க, முதற் சிகரத்திலிருந்து வள்ளம் 7.76 மைல் என்றும், 62 பாகையின் சைனாகிய 0.8829-ஆல் பெருக்க, இரண்டாம் சிகரத்திலிருந்து 7.24 மைல் என்றும் விடை கிடைக்கும். ஒரு முழக் கயிற்றையும் கடலில் நீட்டாமல், கரையில் ஒருமுறை அளந்த ஒரு நீளத்தைக் கொண்டே கடலின் தூரங்கள் இரண்டும் கைக்கு வந்துவிட்டன. ஐயமுற்றவன் கொசைன் விதியால் இவ்விரு தூரங்களையும் 47 பாகையையும் மீண்டும் சேர்த்துப் பார்க்கலாம். அந்தப் பழைய 6 மைல் திரும்பி வரும்.

அளப்பவன் அஞ்ச வேண்டிய இடமும் இதே உதாரணத்தில் உண்டு. முதற் கோணத்தில் ஒரு பாகை தவறிவிட்டால், மேற்கண்ட 7.76 மைல் 7.63 ஆகும், பிழை எட்டில் ஒரு மைலளவே. ஆனால் வள்ளம் நெடுந்தொலைவு விலகி, அங்கே அமையும் கோணம் 10 பாகையாகக் குறுகிவிட்டால், அதே ஒரு பாகைத் தவறு தூரத்தை 34.6 மைலிலிருந்து 31.4 மைலுக்கு, அதாவது மூன்று மைலுக்கு மேல், நகர்த்திவிடும். திரிகோணம் ஒல்லியாக ஒல்லியாக அதன் வாக்கு நம்பத்தகாததாகும். அடையாளங்கள் எட்டத்தக்க தொலைவில் பார்கள் பெரும்பாலும் அமைந்திருந்தது இக்கரையாரின் பாக்கியம்.

கரையிலுள்ள அந்த முதல் நீளம், எல்லாவற்றுக்கும் அடித்தளமான அந்த நிலைக்கோடு, எவ்வாறு கிடைத்தது என்பது இன்னொரு பெரிய கதையின் பகுதி. 1794-ல் சென்னையில் தொடங்கி, பின்னாளில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்த நில அளவைப் பள்ளி, திரிகோணமிதி தெரிந்த இளைஞர்களைத் தென்னாட்டுக்கு உண்டாக்கியது. 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் பரங்கிமலைக்கருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள நிலைக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கிய வில்லியம் லாம்டன், அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணமளக்கும் கருவியைச் சுமந்து திரிகோணம் மேல் திரிகோணமாகத் தெற்கே இறங்கினார். மலையில்லாத காவிரிச் சமவெளியில் கோபுரங்களையே மலைகளாகக் கொண்ட அவருடைய கருவி, 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றப்படுகையில் கயிறறுந்து மோதிச் சேதமுற்றது. வாரக்கணக்கில் உட்கார்ந்து தாமே அதனைச் செப்பனிட்டுக்கொண்டு மேற்சென்ற அவர், 1809-ல் பாளையங்கோட்டைப் பக்கத்தில் இன்னொரு நிலைக்கோட்டை அளந்து, தாம் கணித்து வந்த சங்கிலி சரியா என்று சோதித்துப் பார்த்தார். அத்தகைய பெருந்திரிகோணங்களில் பூமியின் உருண்டை குறுக்கிடும். மூன்று கோணங்களின் தொகை 180 பாகையைச் சிறிது மிஞ்சும். ஒவ்வொரு 75 சதுர மைலுக்கும் ஏறத்தாழ ஒரு விகலை (கோணத்தின் செகண்டு) என்ற கணக்கில் அம்மிகையைக் கழித்துவிட்டு, கணித அறிஞர் லெஜாந்தர் காட்டிய வழியில் சமதளத் திரிகோணம்போலவே தீர்த்துவிடலாம். நாம் கண்ட 6 மைல் உதாரணத்தின் பரப்பு ஏறக்குறைய இருபதரைச் சதுர மைல்தான். அதன் மிகை கால் விகலைக்குச் சற்று மேற்பட்டது. முத்துத்தேடுவோன் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

நிலத்தில் சிகரங்களின் இடம் நிச்சயமானபின், 1830-களின் பிற்பகுதியில் இந்தியக் கடற்படையைச் சார்ந்த பவல், எதர்சி என்போர் பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் அளந்தனர். கடலளவையில் கணக்கு தலைகீழாகத் திரும்புகிறது: கரையில் ஆளை நிறுத்திக் கோணம் எடுப்பதற்குப் பதிலாக, கப்பலில் நிற்பவனே 1731-ல் ஹேட்லி வெளிப்படுத்திய கண்ணாடிக் கருவியின் வழிவந்த செக்ஸ்டன்டைப் படுக்கையாகப் பிடித்து, கரையிலுள்ள மூன்று அடையாளங்களுக்கு இடையேயுள்ள இரண்டு கோணங்களை ஒரே வேளையில் அளந்துவிடுகிறான். கப்பல் ஆடினாலும் அக்கோணம் ஆடாது. இரும்பு அதனை இழுக்காது. இரண்டு சிகரங்கள் 47 பாகையில் தெரிகின்றன என்றால், அவற்றின் வழியே செல்லும் ஒரு குறிப்பிட்ட வட்டத்தின் வில்லின்மேல் எங்கோ அவன் இருக்கிறான். அவ்வட்டத்தின் விட்டம் மேலே நாம் கண்ட அதே 8.20 மைல், பிரம்மகுப்தரின் அதே வட்டம். இரண்டாம் கோணம் இரண்டாவது வட்டத்தைத் தரும். இரண்டும் வெட்டுமிடமே கப்பல். மூன்று கைகளுள்ள ஸ்டேஷன் பாயிண்டர் என்னும் கோணமானியைப் படத்தின்மேல் வைத்து, கணக்கே எழுதாமல் அப்புள்ளியைக் குறித்துவிடுவார்கள். மூன்று அடையாளங்களும் கப்பலும் ஒரே வட்டத்தில் விழுந்துவிட்டால் மாத்திரம் இரண்டு வட்டங்களும் ஒன்றாகிப் புள்ளி மறைந்துவிடும். தேர்ந்த மாலுமி அந்த ஆபத்து வட்டத்தை முன்கூட்டியே உணர்ந்து வேறு அடையாளத்தைத் தேர்வான்.

இவ்வளவும் கற்ற உத்தியோகஸ்தர்கள் பார்களைப் படத்தில் ஏற்றும்போது அவற்றுக்கு என்ன பெயரிட்டார்கள் என்று பார்த்தால், அறிவின் ஊற்று எங்கிருந்தது என்பது புலப்படும். தொளாயிரம் பார், நாகரைப் பார், குடமுத்துப் பார், புலிப்புண்டுப் பார், வைப்பார்ப் பெரிய பார் என்று தமிழ்க் கடலோடிகளின் வாய்மொழியே ஆங்கிலப் படங்களில் அச்சேறிற்று. படம் வரைந்தவன் பாரைக் கண்டுபிடிக்கவில்லை. தண்டேலும் குளியாளியும் காட்டிய இடத்தைக் கோணத்தால் கட்டிவைத்தான். குளிப்புக்கு முந்திய ஆய்வின்போது மாதிரிச் சிப்பிகளை மூழ்கி எடுத்து வந்தவர்களும் அவர்களே; கால்விரலாலும் கையாலும் தடவி இது கல், இது மணல் என்று தீர்ப்புச் சொன்னவர்களும் அவர்களே. அதன்பின் பாரின் எல்லையில் மிதவைகள் கட்டப்படும். குறித்த நாளில் வள்ளங்கள் விடியுமுன் புறப்பட்டுச் சென்று, மாலையில் கரையேறிச் சிப்பிகளைக் கொட்டில் குவிக்கும். அரசின் பங்கு ஆயிரக்கணக்கில் ஏலம் போகும். 1889-ன் குளிப்பைச் சென்னை அருங்காட்சியகத்து எட்கர் தர்ஸ்டனும், பிந்திய காலத்து ஆய்வுகளை ஜேம்ஸ் ஹார்னெலும் விரிவாக எழுதிவைத்திருக்கின்றனர். 1922-ல் வெளியான ஹார்னெலின் அறிக்கை இத்துறைக்கு இன்றும் ஆதார நூல்.

கோணம் இடத்தைத் தந்தது, முத்தைத் தரவில்லை. சென்ற ஆண்டு கோடிக்கணக்கில் இளஞ்சிப்பி படிந்திருந்த பாரை, அதே கோணங்களைக் கொண்டு இவ்வாண்டு தவறாமல் சென்றடைந்தவர்கள், அங்கே வெறுங்கல்லைக் கண்டு திரும்பிய நிகழ்ச்சிகள் பல. கச்சான் காலத்து நீரோட்டம் மணலை வாரி மூடிவிடும். சூரன் என்னும் மட்டியினம் படர்ந்து சிப்பியை மூச்சுத் திணறச் செய்யும். திருக்கை முதலிய மீன்கள் தின்று தீர்த்துவிடும். எதிர்க்கரையில், ஹெர்ட்மன் என்னும் விஞ்ஞானியின் ஐந்து தொகுதி ஆராய்ச்சியும் துல்லியமான படங்களும் கைவசம் இருந்தும், 1906-ல் இலங்கைப் பார்களை இருபதாண்டுக்குக் குத்தகை எடுத்த கம்பெனி சில ஆண்டுகளிலேயே கலைந்துபோயிற்று. இங்கும் 1955-ல் மீண்டும் தொடங்கிய குளிப்பு 1961-ஓடு நின்றது. அதன்பின் மன்னார்க் கடலின் இயற்கை முத்து பெருங்குளிப்புக்கு இடந்தரவில்லை. 1973-ல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டியது வேறொரு சரித்திரத்தின் தொடக்கம்.

ஆகவே, திரிகோணமிதி இக்கரைக்குச் செய்த உபகாரம் முத்து வளத்தைப் பெருக்கியதன்று. இருபத்தேழு ஆண்டு மௌனத்தையும் தாண்டி ஓர் இடத்தின் அறிவு அழியாதிருக்கச் செய்ததே. ஆனால் அந்த எண்களும் தாமாக நிற்பவையல்ல. கடலில் உள்ள இடம் முழுவதும் கரையிடம் வாங்கிய கடன்; கரையின் அடையாளம் அழிந்தால் ஏட்டிலுள்ள கோணம் பொருளிழந்துவிடும். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டியெடுத்ததன் விளைவாகத் தூத்துக்குடித் தீவுக்கூட்டத்தில் விலாங்குச்சல்லி நீரில் ஆழ்ந்துவிட்டது. அதனை ஓர் அடையாளமாகக் கொண்டு குறித்த எந்தக் கணக்கும் இன்று தொடக்கமற்ற கணக்கே. இன்றைய மீனவர் கையிலுள்ள ஜி.பி.எஸ். கருவி கரையை நோக்காமல் வானத்துச் செயற்கைக்கோள்களின் தூரங்களைக் கொண்டு இடம் சொல்கிறது. அவருக்குக் கோபுரத்தைத் தேட வேண்டிய அவசியம் இல்லை. அதனாலேயே தகப்பன் மகனுக்குக் கணியம் சொல்லிக்கொடுக்கும் அவசியமும் குறைந்து வருகிறது.

பழைய படங்கள் ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக உள்ளன. எழுதப்படாதிருப்பது கடலோடியின் கணக்குத்தான். எந்தப் பாருக்கு எந்தக் கோபுரம் எந்த முடியோடு நேர்பட வேண்டும் என்பதை மூத்த கடலோடி ஒருவர் சொல்ல, அதனை எழுதி, அவர் கொண்டுசென்று காட்டும் இடத்தில் செயற்கைக்கோள் தரும் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் பக்கத்தில் குறித்துவைப்பது ஒரு மாணவர் குழு விடுமுறையிற் செய்யக்கூடிய காரியம். செய்தால், லாம்டனின் திரிகோணங்களையும் பரதவரின் நேர்கோடுகளையும் ஒரே படத்தில் வைத்துச் சோதிக்க இயலும். சாய்ந்த திரிகோணத்தின் விதிகளைக் கரும்பலகையில் உருப்போடும் தூத்துக்குடிப் பிள்ளைக்கு, அவை தன் ஊர்க் கடலில் பிழைப்புக்காக வழங்கிய விதிகள் என்பதும் அப்போதுதான் விளங்கும்.